நூற்றாறுக்குப் பதில் தொண்ணூற்றொன்று

ஏப்ரல் 2, செவ்வாய்

பாவூர்சத்திரம் வாழ் பெருமக்களே! இருசக்கர, நாற்சக்கர வாகன ஓட்டிகளே! வண்டியே இல்லாமல் நடந்து போகும் பாக்கியவான்களே! ஜெபராஜ் டயர் ஒர்க்ஸில் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கு இன்று காலை, நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் பார்க்காமல், 'மாமியார்' என்று பெயர் சூட்டப்பட்டது. வேலை செய்யும்போது அலறும், சும்மா இருக்கும்போது சீறும், அடங்கிவிட்டதே என்று பக்கத்தில் போனால் காலடியில் புஸ்ஸென்று விட்டுப் பயமுறுத்தும். விழாவுக்கு வந்திருந்தோர்: நான், ஒரு கோழி.

பெயர் சூட்டியவர் பேச்சிமுத்து. வயது பதினேழு. ப்ளஸ் டூ எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை ஊருக்கெல்லாம் காற்று கொடுக்கும் வள்ளல்.

மதியம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "காத்து தீந்துட்டு அண்ணாச்சி. நாளைக்கு ஆலங்கொளத்துலேருந்து லோடு வருது" என்றேன். "சரி தம்பி, எனக்கு ரெண்டு சக்கரத்துக்கு எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார். முதலாளி ஜெபராஜ் அண்ணன் ஸ்பானரை எறிந்தார். குனிந்துகொண்டேன். அண்ணன் எறிந்தால் குறி தப்பும். அதனால்தான் இன்னும் அவரிடம் வேலை பார்க்கிறேன்.

ஏப்ரல் 4, வியாழன்

இன்று என் கன்னம் ஆவுடையப்பனின் உள்ளங்கையைக் கடுமையாகத் தாக்கியது.

நடந்தது இது. காய்கறி மண்டி வண்டி கடைக்கு வந்தது. விஷு அன்று காலையில் கண்விழிக்கும் கணித் தட்டில் வைக்க மலையாளத்துக்காரர்கள் வெள்ளரியும் பூசணியும் கேட்பார்கள். வாரம் மூன்று நடை, புளியரை மலைப்பாதை ஏறி கொல்லத்துக்குப் போகிற பிக்கப். ஓட்டுகிறவர் என் அத்தான் கோமதிநாயகம், அக்காவின் வீட்டுக்காரர். பக்கத்து இருக்கையில் ஆவுடையப்பன். மண்டியில் லோடு ஏற்றுவது முழுக்க அவர் அதிகாரம். இடுப்பில் எப்போதும் மூட்டை இழுக்கும் கொக்கி தொங்கும். மூட்டையைவிட மனிதரைத்தான் அதிகம் இழுத்திருக்கிறது. போன வருடம் "இவ்வளவு லோடு மாட்டேன்" என்று சொன்ன டிரைவரின் முழங்கையை அந்தக் கொக்கியின் கட்டையால் உடைத்தார். அந்த ஆள் இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறார்.

பின்னால் நாலு டயர் கிடந்தது. தென்காசியில் பழைய காரிலிருந்து கழற்றியது. "இதை மாட்டு" என்றார் ஆவுடையப்பன்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அம்மா எனக்குப் பேச்சிமுத்து என்று பெயர் வைத்துவிட்டாளே.

"அண்ணாச்சி, சைஸ் ஒண்ணுதான். உள்ள போயிரும். ஆனா இது காரு டயரு. ஓரத்துல நம்பர் பாத்தியளா? தொண்ணூத்தொண்ணு. வண்டியில இருக்கது நூத்தாறு."

"பதினஞ்சு நம்பர்தானல கொறைச்சலு?"

"அது கிலோ இல்ல. பரீட்சை நம்பர் மாதிரி. சுவத்துல இருக்க அட்டையில பாக்கணும். நூத்தாறுன்னா ஒரு டயரு தொள்ளாயிரத்தம்பது கிலோ தாங்கும். தொண்ணூத்தொண்ணுன்னா அறுநூத்திப் பதினஞ்சுதான். நாலும் சேந்து ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது. வண்டி எடையே ஆயிரத்தெழுநூறு. மிச்சம் எழுநூத்தி அறுபது கிலோவுக்கு நீங்க பூசணிக்கா ஏத்தலாம். கூட நீங்களும் ஏறுனா, பத்து பூசணிக்காயக் கொறைச்சிக்கிடணும்."

அத்தான் சிரித்துவிட்டார். அதுதான் தப்பு. என் கன்னம் போய் அந்தக் கையில் மோதியது. காதுக்குள் மாமியார் அலறினாள். நாக்கில் உப்பு கரித்தது.

"ரெண்டரை டன் ஏறும். காத்து அறுபத்தஞ்சு பிடி. பேசாதல."

கார் டயரில் காற்று நாற்பத்துநாலு பவுண்டுக்கு மேல் பிடிக்காதே என்று அச்சடித்தே இருக்கிறது. ஜெபராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நாலையும் மாட்டினார். மண்டியின் ஒன்பது வண்டிகளும் எங்கள் கடைக்குத்தான் வருகின்றன.

குறிப்பு: நான் அழவில்லை. கண்ணில் டயர் தூசி.

ஏப்ரல் 5, வெள்ளி

கன்னம் வீங்கியிருக்கிறது. அமுக்கிப் பார்த்தேன். ஒரு முப்பது பவுண்டு இருக்கும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அத்தான் கொல்லம் போய்விட்டு முழுசாகத் திரும்பினார். அக்கா வீட்டில் கறிக்குழம்பு. அக்கா உலகம்மாளுக்கு ஏழு மாதம். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஏச்சுக்கு மட்டும் ஆள் வேண்டாம்.

"மலைக்கு முன்ன நிப்பாட்டி டயரத் தொட்டுப் பாத்தேம்ல மாப்ள. கை சுட்டுட்டு. கொஞ்சம் காத்த எறக்கி விட்டுட்டுத்தான் ஏறுனேன்" என்றார் அத்தான், எலும்பை உறிஞ்சியபடி.

இதுதான் எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லோருடைய பழக்கம். புளியரையில் வரிசையாக நிறுத்துவார்கள், டீ குடிப்பார்கள், சூடான டயரில் காற்றை இறக்கிவிட்டு மலை ஏறுவார்கள். காற்று கூடினால் வெடிக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்திருக்கிறான்.

"அத்தான், சூட்டுல ஏறுத காத்து ஏறத்தான் செய்யும். அத எறக்கக் கூடாது. காலையில வண்டி எடுக்குமுன்ன, டயரு குளுந்து கெடக்கும்போது பிடிக்கதுதான் கணக்கு. எறக்குனியன்னா டயரு வயிறு தொங்கிரும். தொங்குனா மடிஞ்சு மடிஞ்சு இன்னும் சூடாவும். உள்ள இருக்க கம்பியெல்லாம் முறுக்கு மாதிரி நொறுங்கிரும். வெடிக்கது காத்து கூடிப்போயி இல்ல, கொறைஞ்சுபோயி."

"ரெண்டு வாரமா டயரு கழத்துதான். முன்னூறு வருசம் பேசுதான்" என்றார் அத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. "அவஞ் சொல்லுததக் கேளுங்க. வண்டிய விட்டுருங்க. நான் பீடி சுத்துதேன், போதும்."

"லைசென்ஸ் அவன்ட்டல்லா இருக்கு."

எங்கள் மண்டி வழக்கம் அது. சீசனுக்குச் சேரும்போது டிரைவர் அசல் லைசென்ஸைக் கொடுத்துவிட வேண்டும். விஷு முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். நடுவில் கேட்டால் கொக்கிதான் கிடைக்கும்.

"அப்ப ஒரு நாள் நான் வந்து கேக்கேன்" என்றாள் அக்கா.

"நீயா? அவன் ஆம்பள பொம்பளன்னு பாக்க மாட்டான்."

"நானும் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா எனக்கு இன்னொரு துண்டு போட்டாள்.

நான் எழுந்து நின்று சபதம் செய்தேன். ஆவுடையப்பனின் மூக்கை உடைக்காமல் மீசை எடுக்க மாட்டேன் என்று. "இருந்தாத்தானல எடுக்கதுக்கு" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில். நல்ல ஜோடி.

ஏப்ரல் 8, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் வண்டி வந்தது. பின்னால் இடது டயரின் பக்கவாட்டில் ஒரு புடைப்பு. மாங்காயைச் சட்டைக்குள் ஒளித்தமாதிரி. ஜெபராஜ் அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள கம்பி அத்துட்டு. இதுல காத்து பிடிக்க முடியாது அண்ணாச்சி" என்றார்.

ஆவுடையப்பன் இறங்கினார். அண்ணனின் பிடரியில் கை வைத்து அழுத்தி, மண்டியிட வைத்து, டயருக்கு முன்னால் அவர் முகத்தைக் கொண்டுபோனார். நாய்க்குட்டியை அதன் மூத்திரத்தில் முகர வைப்பதுபோல. "அறுபத்தஞ்சு" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்து, "நீ தள்ளிப் போல" என்றார். போனேன். அத்தான் வண்டியின் அந்தப் பக்கம் இருந்தார்.

ஐம்பது தாண்டியதும் துணி கிழிகிறமாதிரி ஒரு சத்தம் வந்தது, சின்னதாக. உடனே வெடித்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. தூசிக்குள் அண்ணன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் அடுத்ததும் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் உடனே வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது. சுவர் வரைக்கும் அடித்தது. கோழி செத்துக் கிடந்தது. மாமியார் நிற்காமல் அலறிக்கொண்டிருந்தாள்.

அத்தான் தன் வேட்டியைக் கிழித்து அண்ணன் கையைச் சுற்றிக் கட்டினார். விரலைத் தேடச் சொன்னார். ஒன்றை எடுத்தேன். சூடாக இருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை.

ஆவுடையப்பனுக்குக் காதோரம் கிழிந்திருந்தது. துடைத்துக் கையைப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னிய மாட்டுல. பன்னெண்டு மணிக்கு லோடு" என்றார்.

மாட்டினேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

தென்காசி ஆஸ்பத்திரி. விரல் ஒட்டவில்லை. கேட்டவர்களிடம் அண்ணன், "என் தப்புதான். கூடுதலா பிடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பெயருக்கு இன்று விடுமுறை.

ஏப்ரல் 10, புதன்

கடையை நான்தான் திறந்தேன். ஆவுடையப்பன் இன்னொரு கார் டயரோடு வந்தார். ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு இதைப் போடச் சொன்னார். அதுவும் தொண்ணூற்றொன்று.

"அண்ணன் இல்ல. நான் செய்ய மாட்டேன்" என்றேன். இவ்வளவு சின்ன வசனம் நான் பேசியதே இல்லை. கொக்கிக் கட்டையால் முதுகில் விழுந்தது. இரண்டாவது அடி விலாவில். மூன்றாவதை நான் எண்ணவில்லை. முகம் தரையில் இருந்தது. தரையில் இன்னும் அண்ணனின் ரத்தம், கழுவியும் போகாமல்.

"ஒங்கத்தான் வெள்ளிக்கெழம மூணு டன்னு கொண்டுபோறான். கடைசி லோடு. காத்து கொறைஞ்சு நடுவழியில நின்னுச்சு, ஒங்கக்கா வெள்ளச் சீலதான் உடுத்தணும்."

என் கையாலேயே மாட்டினேன். அறுபத்தைந்து பிடித்தேன். டயர் வெடித்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். வெடிக்கவில்லை. எனக்காக வெடிக்கவில்லை. மலைக்காகக் காத்திருக்கிறது.

சாயங்காலம் அத்தானிடம் சொன்னேன். போகாதீர்கள் என்றேன். "மலையில எஸ் வளைவுல மெதுவாப் போறேம்ல" என்றார். குரல் மட்டும் மெதுவாக வந்தது. அக்கா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

இனி நான்தான். வண்டி நகரக் கூடாது, அவ்வளவுதானே. ஆவுடையப்பா, வெள்ளிக்கிழமை உனக்கு இருக்கிறது. பேச்சிமுத்து பேச மாட்டான், செய்வான்.

ஏப்ரல் 12, வெள்ளி. ஆஸ்பத்திரியில் கிடைத்த தாளில்

வீர வரலாறு. பிற்காலச் சந்ததியினர் நின்றுகொண்டு படிக்கவும்.

மண்டியில் ஏல நேரம். மைக் கத்துகிறது, டிராக்டர் கத்துகிறது, இவற்றுக்கு நடுவில் எது புஸ்ஸென்றாலும் யாருக்கும் கேட்காது. மூன்று டன் பூசணியோடு பிக்கப் நிற்கிறது. நான்கு டயரும் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு. நம் வீரன் பதுங்கிப் போனான். வால்வுக்குள் இருக்கும் சின்னப் பித்தளை ஊசியைக் கழற்றிவிட்டால் காற்று நிற்காது, திரும்ப அடிக்கவும் முடியாது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. வண்டி யானை படுப்பதுபோலப் படுத்தது.

ஆவுடையப்பன் ஓடிவந்தார். அத்தான்தான் செய்தார் என்று நினைத்து ஜாக்கிக் கம்பியை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு அடி. விறகு முறிகிற சத்தம். அத்தான் விழுந்தார். இன்னொரு அடி. அப்போது நம் வீரன் பாய்ந்தான்! நெற்றிப் பொட்டில் ஒரே அடி! அடுத்து மூக்கில் இரண்டாவது! ஆவுடையப்பன் வண்டியின் பின்கதவில் மோதி, தாடை பிளந்து, மண்ணைக் கவ்வினார். சட்டையெல்லாம் சாம்பார். இல்லை, ரத்தம். இரண்டும்தான்.

பிறகு மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். எத்தனையோ வருடமாக அவரிடம் அடி வாங்கியவர்கள். ஒவ்வொருவராகத் தங்கள் கொக்கியைக் கீழே போட்டார்கள். கையில் இருந்தால் கொன்றுவிடுவோம் என்ற பயம். பிறகு வெறுங்கையோடு அவர்மேல் விழுந்தார்கள். மண்டி முதலாளி வந்து கும்பிட்ட பிறகுதான் விட்டார்கள். ஆவுடையப்பனின் முகத்தில் எது வாய் எது கண் என்று தெரியவில்லை.

போரில் எனக்கும் உட்காயம். அத்தானுக்கு அடுத்த கட்டிலிலேயே சேர்த்திருக்கிறார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சிரித்தார். வீரத்தைக் கண்டால் சிலருக்கு அப்படித்தான் வரும்.

அக்கா வந்தாள். தூக்குவாளி நசுங்கியிருந்தது. கூட்டத்தில் நசுங்கியிருக்கும்.

ஏப்ரல் 13, சனி

என் கூட்டாளிகள் வந்து பார்த்தார்கள். மூன்று முறை கதை சொன்னேன். மூன்றாவது முறை நான் கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தேன்.

மண்டி முதலாளி ஆள்மூலம் அத்தானின் லைசென்ஸைக் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சீப்பு பழமும், போலீஸுக்குப் போக வேண்டாம் என்று ஒரு கும்பிடும். பூசணிகளைப் பெரிய லாரியில் மாற்றி அனுப்பிவிட்டார்களாம். அக்கா பழத்தை வாங்கிக்கொண்டாள். கும்பிடைத் திருப்பி அனுப்பிவிட்டாள். போலீஸுக்கு ஜெபராஜ் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம்.

பிக்கப்பின் டயர்களைக் கழற்றியபோது எல்லோரும் பார்த்தார்களாம். முதலில் மாட்டியதில் மிச்சமிருந்த மூன்று டயரிலும் உட்புறம் சுற்றிலும் விரிசல் விட்டு, கம்பி துருத்திக்கொண்டு இருந்ததாம். ஒன்றில் விரலை வைத்து அழுத்தினால் மறுபக்கம் வந்ததாம்.

அத்தான் இதைக் கேட்டுவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலில் மாவுக்கட்டு. தாடையில் தையல். என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

இன்று வருடப் பிறப்பு. மலைக்கு அந்தப் பக்கம் விஷு. நல்ல நாளில் பொய் ஆகாது என்பார்கள். காலையில் நர்ஸ் அக்கா பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, "வந்துச்சாப்பா?" என்று வார்டு முழுக்கக் கேட்கிறமாதிரி கேட்டதால், மறைக்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

நான் ஆவுடையப்பனை அடிக்கவில்லை.

மூன்று ஊசிகளைச் சட்டைப்பையில் போட்டேன். நான்காவதைக் கழற்றும்போது அவர் வருவது தெரிந்தது. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பூசணிக் குவியலுக்குப் பின்னால் விழுந்து, இரண்டு பூசணிகளை இழுத்து என்மேல் வைத்துக்கொண்டேன். அவற்றுக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதல் அடியிலேயே அத்தானின் கால் ஒடிந்தது. அவர் விழுந்த இடத்திலிருந்து என் முகம் நேராகத் தெரியும். என்னைப் பார்த்தார். வாயில் மினுங்கிய ஊசியையும் பார்த்திருப்பார். ஆவுடையப்பன் அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "எவம்ல கழத்துனான்? சொல்லுல, எவன்?" என்றார்.

நான் எழுந்து, "நான்தான்" என்று சொல்ல வேண்டிய இடம் அது.

அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான்" என்றார்.

அப்போது கம்பி தாடையில் விழுந்தது. நான் ஊசியை விழுங்கிவிட்டேன்.

அதன்பிறகு நடந்த எல்லாவற்றையும் செய்தது அக்கா. மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவள். தூக்குவாளியை இரண்டு கையாலும் சுழற்றி, சாம்பாரோடு அடித்தாள். அவள் அடித்தபோதும் நான் வெளியே வரவில்லை. மூட்டைக்காரர்கள் பூசணியை எடுத்தபோதுதான் கிடைத்தேன். என் கால்சட்டை நனைந்திருந்தது. பூசணிச் சாறு என்று சொன்னேன். பூசணி எதுவும் உடைந்திருக்கவில்லை.

இதையெல்லாம் இன்று அத்தானிடம் சொன்னேன். தாடைத் தையலோடு அவரால் சரியாகப் பேச முடியவில்லை.

"தெரியும்ல" என்றார். மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "நீ சொன்ன பெறகும் நான் போயிருப்பேம்ல, மாப்ள. வண்டி நின்னதாலதான் உசுரோட கெடக்கேன்."

நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இந்த வார்டிலும் ஏகப்பட்ட டயர் தூசி.

என் உட்காயத்தின் நீளம் முக்கால் அங்குலம். பித்தளை. படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இன்றோடு பதினான்கு பழம் ஆகிவிட்டது. இன்னும் வரவில்லை.